மும்பையில் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும்? ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

முப்பது வருடமாக மும்பைப் புறநகரான டோம்பிவிலியில் குடியிருக்கிறேன். நெல்லை, தூத்துக்குடிப் பக்கமிருந்து இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகள் கிளம்புமுன் போன் போட்டு, சம்பளம் போதுமா, வாடகை எவ்வளவு என்றெல்லாம் கேட்பார்கள். வேலை நேரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதுதான் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அச்சடித்திருக்கிறதே! வந்து ஒரு மாதம் ஆன பிறகு அவர்கள் பேசுவதெல்லாம் நேரத்தைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால், கேட்ட கேள்விகளைத் திரட்டி எனக்குத் தெரிந்த பதிலோடு போட்டிருக்கிறேன். பழக்கதோஷத்தில் நடுநடுவே பம்பாய் என்று வரும். அதே ஊர்தான்.

பொதுவாக மும்பையில் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும்?

பொதுவாக என்று ஒரு நேரம் இங்கே கிடையாது. எங்கள் மாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வீடு. எதிர்வீட்டுக்காரர் காய்கறி வியாபாரி. கல்யாண் மார்க்கெட்டில் சரக்கெடுக்க நாலு மணிக்கு இறங்குவார். பக்கத்து வீட்டம்மா நர்ஸ். காலை ஷிஃப்ட் என்றால் ஐந்தரைக்கெல்லாம் ஸ்டேஷனில் நிற்பார். மூலைவீட்டுப் பையன் ஐரோலியில் அமெரிக்கக் கம்பெனிக்காகப் போன் எடுக்கிறவன். அவனுக்கு வேலை தொடங்குவதே பொழுது சாய்ந்த பிறகு. அவன் திரும்பி வரும் நேரமும் காய்கறிக்காரர் இறங்கும் நேரமும் ஒன்று. படிக்கட்டில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்பார்கள். அவருக்கு அது காலை, இவனுக்கு ராத்திரி.

இதில் யாருடைய நேரத்தையும் முதலாளி தன் இஷ்டத்துக்கு வைக்கவில்லை. காய்கறிக்காரரின் நேரத்தை நாசிக்கிலிருந்து வரும் லாரி வைக்கிறது. பையனுடைய நேரத்தை நியூயார்க் வைக்கிறது. எந்தத் தொழிலை எடுத்தாலும் நேரத்தை வைக்கிற ஆள் வேறெங்கோ இருப்பார். அந்த ஆள் யாரென்று தெரிந்துகொண்டால், அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா வராதா என்பதும் தெரிந்துவிடும்.

ஆர்டரில் 9.30 என்று இருக்கிறது. வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

வேலை தென்மும்பையின் ஃபோர்ட்டில், வீடு டோம்பிவிலியில் என்று வைத்துக்கொள்வோம். டோம்பிவிலியிலிருந்து வி.டி. ஸ்டேஷன் சுமார் 48 கிலோமீட்டர். (இப்போது அதன் பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். பழைய ஆட்கள் இன்னும் வி.டி. என்றுதான் சொல்வோம்.) ஃபாஸ்ட் வண்டியில் ஒரு மணி பத்து நிமிடம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குக் கால் மணி நேரம், வி.டி.யில் இறங்கி ஆபீசுக்கு நடக்க இன்னொரு கால் மணி. கணக்குப்படி 7.50க்குக் கிளம்பினால் போதும்.

கணக்கு சரி, ஆனால் அந்த நேரத்து வண்டியில் நீங்கள் ஏற முடியாது. புதிதாக வந்தவருக்கு முதல் இரண்டு வண்டிகள் வேடிக்கை பார்க்கத்தான். கதவில் தொங்குகிறவர்களைத் தாண்டி உள்ளே நுழையும் கலை ஒரு மாதத்தில் வரும், சிலருக்கு வரவே வராது. அப்புறம் வண்டி பத்து நிமிடம் தாமதமாகும் நாட்கள் வாரத்தில் ஒன்றாவது உண்டு. எல்லாம் சேர்த்து 7.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டரில் இருக்கும் 9.30 கம்பெனியின் நேரம், 7.15 உங்களுடைய நேரம். சம்பளம் பேசும்போது இரண்டாவதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

டோம்பிவிலி ஆட்கள் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். உட்கார இடம் வேண்டுமென்பதற்காக, கல்யாணுக்குப் போகும் வண்டியில் எதிர்த்திசையில் ஏறி, அந்த வண்டி அங்கே திரும்பும்போது அதே ஸீட்டில் உட்கார்ந்தபடி வி.டி.க்குப் போவார்கள். 'ரிட்டர்ன் போகிறது' என்று அதற்குப் பெயர். இதற்கு இன்னும் இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும். அரைமணித் தூக்கமா, ஒரு மணி நேர ஸீட்டா என்பது அவரவர் முழங்காலைப் பொறுத்தது. நான் நாற்பது வயதில் ஸீட்டுக்கு மாறினேன்.

இங்கே யாரும் உங்களிடம் 'எத்தனை மணிக்கு வேலை' என்று கேட்க மாட்டார்கள். 'எந்த வண்டி' என்பார்கள். 'எட்டு பதிமூன்று' என்று சொன்னால் போதும், நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்கு ஆபீஸ், ஏறக்குறைய என்ன வேலை என்பது வரைக்கும் கேட்டவருக்குப் புரிந்துவிடும்.

ஐந்து நிமிடம் தாமதமானால் என்ன செய்வார்கள்?

லேட் மார்க் போடுவார்கள். மூன்று லேட் மார்க்குக்கு அரைநாள் லீவு கழிவது பல ஆபீசுகளில் உள்ள வழக்கம். எங்கே எத்தனை என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சேர்ந்த ஆபீசில் 9.40 ஆனதும் மஸ்டரை (வருகைப் பதிவேட்டை) மேனேஜர் அறைக்கு எடுத்துப்போய்விடுவார்கள். உள்ளே போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் சிவப்பு மையில். ஒரு மழை நாளில் வண்டி குர்லாவில் நின்று, தண்டவாளத்தில் இறங்கி நடந்து, முழங்கால் வரை நனைந்து 10.20க்குப் போனேன். மேனேஜரும் அன்று தாமதம். அவர் வரும்வரை அறை பூட்டியிருந்தது. வந்தவர் தன் குடையை மடக்கி வைத்துவிட்டு எனக்குச் சிவப்புப் பேனாவை நீட்டினார். இன்றைக்கு அந்த மஸ்டர் இருந்த இடத்தில் விரல் ரேகை மிஷின் வந்துவிட்டது. மிஷினுக்குக் குடை கிடையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

விடிவதற்கு முன்னால் தொடங்கும் வேலைகள் எவை?

நிறைய. இந்த ஊர் சாப்பிடுவதற்கு வேண்டியதெல்லாம் இருட்டில்தான் தயாராகிறது.

கொலாபாவில் ஸசூன் டாக் என்று மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. 1875இல் திறந்தது. விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குப் படகிலிருந்து மீன் இறங்கி, தரையிலேயே ஏலம் நடக்கும். கோலி இனப் பெண்கள் கூடை கூடையாக எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குள் ஊரெங்கும் போய்விடுவார்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது மட்டும் அந்த இடம் அடங்கிக் கிடக்கும். வாஷி மொத்தக் காய்கறி மார்க்கெட் நள்ளிரவுக்குப் பின் களைகட்டும். தாதர் பூ மார்க்கெட் நாலு மணிக்கு. மாட்டுங்காவில் நம்மவர்கள் வைத்திருக்கும் பூக்கடைகளுக்கு வேண்டிய சாமந்தி, ரோஜா எல்லாம் ஆறு மணிக் கோயில் நடைக்கு முன்பே வந்து, கட்டவும் ஆரம்பித்திருப்பார்கள். மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் காலை 6.30 வாக்கில் சௌக்கி என்ற சாவடியில் ஆஜர் கொடுப்பார்கள்.

தாராவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே இட்லி ஒரு தொழிற்சாலைச் சரக்கு. நம் ஊர்க் குடும்பங்கள்தான் பெரும்பாலும் செய்கின்றன. மாவு முந்தின நாள் மத்தியானமே ஆட்டியாகும். ராத்திரி அது புளிக்கும். இரண்டரை, மூன்று மணிக்கு அடுப்பு எரியும். ஆறு மணிக்குள் அலுமினியக் குண்டானில் இட்லியும் மெதுவடையும் அடுக்கி, சட்னி சாம்பார் வாளியோடு சைக்கிளிலோ தலையிலோ கிளம்பிவிடுவார்கள். சைக்கிள்காரர்கள் ரப்பர் ஹாரனைப் 'பாம் பாம்' என்று அழுத்திக்கொண்டே தெருத் தெருவாகப் போவார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பாந்த்ராவிலும் மாஹிமிலும் பலருக்குப் பொழுது விடிகிறது. பத்து, பத்தரைக்குக் குண்டான் காலி. மத்தியானம் தூக்கம், எழுந்ததும் மறுபடி மாவு.

இந்தத் தொழிலில் நேரத்தை வைப்பது யார் என்று ஒரு இட்லிக்காரரிடம் கேட்டேன். 'மாவு' என்றார். குளிர்காலத்தில் புளிக்கத் தாமதமாகும், அதனால் டிசம்பரில் ஆட்டும் நேரம் இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுமாம். வாடிக்கையாளர் ஆபீஸ் போகும் நேரம் மாறாது, அடுப்பு நேரம் மாறாது, நடுவில் இவருடைய மத்தியானத் தூக்கம்தான் குறையும்.

கூலி வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு செய்தி. கொத்தனார், சித்தாள், பெயிண்டர் எல்லாம் தெருமுனை நாக்காவில் கூடி நிற்பார்கள். ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் மேஸ்திரிகள் வந்து ஆள் எடுப்பார்கள். பத்து மணிக்கும் அங்கே நின்றுகொண்டிருந்தால் அன்றைக்கு வேலை இல்லை என்று அர்த்தம்.

அப்படியானால் கடைகள் ஏன் பதினோரு மணிக்குத் திறக்கின்றன? சோம்பேறித்தனமா?

சோம்பேறித்தனம் இல்லை. ஸவேரி பஜார், மங்கள்தாஸ் மார்க்கெட் மாதிரியான இடங்களில் வாங்க வருகிறவர் வெளியூர் வியாபாரியோ புறநகர்க் குடும்பத்துப் பெண்களோதான். வீட்டு வேலை முடித்து, ஆபீஸ் கூட்டம் போன பிறகு காலியான வண்டியில் வருவார்கள். பத்து மணிக்குக் கடையைத் திறந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். பி.கே.சி. என்கிற பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள வைரச் சந்தையிலும் அப்படித்தான், பத்தரை பதினொன்றுக்கு மேல்தான் புரோக்கர்கள் நடமாட்டம். கல்லைப் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கென்னவோ சாயங்காலம் ஐரோப்பாவோடு பேச வேண்டியிருப்பதால் காலையை இழுத்து விட்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரர்கள் கவனிக்காதது. இங்கே சூரியனே தாமதம். மும்பை சென்னைக்கு மேற்கே ஏறக்குறைய ஏழரை டிகிரி தீர்க்கரேகை தள்ளி இருக்கிறது, அதாவது அரைமணி நேரம். ஜனவரியில் சென்னையில் 6.35 வாக்கில் சூரியன் வந்துவிடும், இங்கே 7.10 தாண்ட வேண்டும். கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றே. 1906இல் இந்திய நேரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது பம்பாய்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய பழைய பம்பாய் நேரம் அதைவிட 39 நிமிடம் பின்தங்கியது. விடியுமுன்னே எழுப்பி மில்லுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்று தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். ஸ்டேஷனில் ஒரு நேரம், ஊரில் ஒரு நேரம் என்று 1955 வரை பம்பாய் நேரம் புழக்கத்தில் இருந்தது. குளிர்காலத்தில் ஆறரை மணி வண்டிக்கு இருட்டில் நடக்கும்போதெல்லாம் அந்தத் தொழிலாளர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

மில் சங்கு என்கிறார்களே, இப்போதும் ஊதுகிறதா?

இல்லை. பரேல், லால்பாக் பக்கம் பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் காலை 7, மத்தியானம் 3.30, நள்ளிரவு 12 என்று மூன்று ஷிஃப்ட். 'போங்கா' என்று மராத்தியில் சொல்லும் அந்தச் சங்கை வைத்துத்தான் அந்த வட்டாரமே கடிகாரம் பார்த்தது. சால் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் பத்துப் பேர் தங்குவார்கள், மூன்று ஷிஃப்டில் மாறி மாறித் தூங்குவார்கள், பாய் சூடு ஆறாது. 1982 ஜனவரி 18இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறைப்படி முடியவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது லோயர் பரேலில் அதே மில் வளாகங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஏழு மணிக்குச் சங்கு ஊதிய இடத்தில் பத்தரைக்குக் காபி டம்ளரோடு லிஃப்டுக்கு வரிசை.

மூன்று ஷிஃப்ட் முறை சாகவில்லை. செம்பூர், மாஹுல் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, துறைமுகம், ஆஸ்பத்திரி எல்லாம் நிறுத்த முடியாத வேலைகள். ஜெனரல் ஷிஃப்டா, ரொட்டேஷனா என்று கேளுங்கள். ரொட்டேஷன் என்றால் வாரா வாரம் தூக்கம் இடம் மாறும். ஒரே நைட் ஷிஃப்டில் இருப்பதைவிட அது உடம்பைப் படுத்தும் என்பது பார்த்தவன் அனுபவம்.

பங்குச் சந்தை 9.15க்குத்தானே திறக்கிறது? புரோக்கர் ஆபீசில் எட்டு மணிக்கே வரச் சொல்கிறார்களே?

9.15 என்பது சாதாரண வியாபாரம் தொடங்கும் நேரம். 9 மணிக்கே ப்ரீ-ஓப்பன் என்று கால் மணி நேரம் உண்டு, அதன் முதல் சில நிமிடங்களில் ஆர்டர் வாங்குவார்கள். அதற்கு முன் சிங்கப்பூர், ஹாங்காங், டோக்கியோவில் என்ன நடந்தது என்று பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். டோக்கியோவில் காலை 9 என்றால் நமக்கு 5.30. அந்தச் சந்தையைக் கவனிக்கிறவர்கள் நம் சேவல் கூவுமுன் உட்கார்ந்திருப்பார்கள்.

முன்பெல்லாம் சந்தை 9.55க்குத் திறக்கும். 2010 ஜனவரி 4இல் அதை 9 மணிக்குக் கொண்டுவந்தார்கள், ஆசியச் சந்தைகளோடு ஒட்டி நடக்க வேண்டும் என்று. அதே வருடம் அக்டோபர் 18இல் ப்ரீ-ஓப்பன் வந்தது, வியாபாரம் 9.15 ஆனது. பங்குச் சந்தை இருக்கும் தலால் தெருவில் வேலை பார்த்த விரார், கல்யாண் ஆட்களுக்கு ஒரே நாளில் 55 நிமிடத் தூக்கம் போனது. 3.30க்குச் சந்தை மூடியதும் வீட்டுக்குப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள். அதற்கப்புறம்தான் கணக்கு முடிக்கும் வேலை.

தங்கம், கச்சா எண்ணெய் வியாபாரமாகும் எம்.சி.எக்ஸ். இன்னும் வேடிக்கை. ராத்திரி 11.30 வரை நடக்கும், குளிர்காலத்தில் 11.55 வரை. ஏன் 25 நிமிடம் கூடுகிறது என்பதற்குப் பதில் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

நைட் ஷிஃப்ட் நேரம் மார்ச்சிலும் நவம்பரிலும் மாறுமாமே?

மாறும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். நாம் இங்கே முள்ளைத் தொடுவதே இல்லை, ஆனால் மலாடிலும் ஐரோலியிலும் ஷிஃப்ட் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். நியூயார்க்கில் காலை 9 என்பது அவர்கள் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. இங்கிலாந்து வேலை இதைவிட மேல்: லண்டன் 9 மணி நமக்குக் கோடையில் மத்தியானம் 1.30, குளிர்காலத்தில் 2.30. அவர்கள் மாற்றுவது மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு. ஆஸ்திரேலியா வேலை என்றால் யோசித்துச் சேருங்கள். சிட்னி 9 மணி நமக்கு விடியற்காலை 4.30, அவர்களுடைய கோடையில் 3.30.

நவம்பரில் மாறிய முதல் வாரம் மூலைவீட்டுப் பையன் பழைய நேரத்துக்கே கிளம்பிவிட்டான். பிக்கப் வண்டி வரவில்லை. அவன் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். 'அமெரிக்காக்காரன் கடிகாரத்தைத் திருப்பினா எம்புள்ள ஏன் தெருவுல நிக்கணும்' என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: வேலை முடிந்து வீட்டுக்கு வண்டி உண்டா? லோக்கல் ரயில் ராத்திரி ஒரு மணி வாக்கில் நிற்கும், முதல் வண்டி நாலு மணி வாக்கில். மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி வண்டியும் இல்லையென்றால் பிளாட்பாரத்தில்தான் உட்கார வேண்டும்.

பெண்களை இரவு வேலையில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

கொடுக்கிறது, நிபந்தனையோடு. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறையாமல் ஆட்கள் வேலை செய்யும் கடை, ஆபீஸ்களுக்கு மகாராஷ்டிராவில் 2017ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. இரவு 9.30க்கும் காலை 7க்கும் இடையில் ஒரு பெண்ணை வேலைக்கு வைக்க அவருடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் வீடுவரை வண்டி வசதியும் கொடுத்தாக வேண்டும். நல்ல கம்பெனிகளில், வண்டியில் கடைசியாக இறங்குகிறவர் பெண்ணாக இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வார்கள், அல்லது கூடவே காவலர் வருவார். சம்மதம் என்பதைச் சேரும் அன்றே ஒரு கட்டுத் தாளோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுவதும் நடக்கிறது. படித்துவிட்டுப் போடுங்கள்.

காலை நேர ரயிலுக்கு: பெண்களுக்கான தனிப் பெட்டிகள் எல்லா லோக்கலிலும் உண்டு. முழு வண்டியும் பெண்களுக்கே என்ற லேடீஸ் ஸ்பெஷல் 1992 மே 5இல் சர்ச்கேட்–போரிவிலி பாதையில் முதலில் ஓடியது.

அரசு ஆபீஸ், வங்கி?

மும்பையில் மாநில அரசு ஆபீசுகள் 9.45 முதல் 6.15 வரை. 2020 பிப்ரவரி 29இல் வாரம் ஐந்து நாள் வேலை வந்தபோது, சனிக்கிழமையை ஈடுகட்டத் தினமும் 45 நிமிடம் கூட்டினார்கள். பியூன்களுக்கு 9.30 முதல் 6.30. வங்கிக்கு இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மும்பையில் நேரம் நிச்சயமாகத் தெரிந்த வேலை இது ஒன்றுதான், அதனால்தான் அந்தக் காலத்தில் மாட்டுங்கா டைப்பிஸ்டுகள் விழுந்து விழுந்து பரீட்சை எழுதினார்கள்.

சினிமா, டி.வி. சீரியல்?

கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் வழக்கமான ஷிஃப்ட் காலை 9 முதல் மாலை 6. சீரியலுக்குப் பன்னிரண்டு மணி நேரம். லைட், செட் ஆட்கள் கால் டைமுக்கு (வரச் சொன்ன நேரத்துக்கு) வெகு முன்பே வந்துவிட வேண்டும். எப்போது முடியும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

ஏழு மணிக்குக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாடு எப்படி?

டப்பாவாலா என்ற ஏற்பாடே இந்தக் கேள்விக்காக உண்டானது. ஆபீஸ் போகிறவர் ஏழுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் சமையல் ஆகாது. டப்பாவாலா ஒன்பது மணி வாக்கில் வீட்டுக்கு வந்து டப்பாவை எடுத்து, ஸ்டேஷனில் ஊர்வாரியாகப் பிரித்து, கூட்டம் குறைந்த வண்டியில் ஏற்றி, பன்னிரண்டரைக்கு மேஜையில் வைத்துவிடுவார். 1890இலிருந்து நடக்கிறது. ஆபீஸ் நேரமும் அடுப்பு நேரமும் ஒத்துப்போகாத ஊரில் நடுவே இரண்டு மணி நேரத்தை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் ஐந்து மணிக்கே எழுந்து எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆபீஸ் எனக்கு 9.45, என் மனைவிக்கு வேலை 5 மணிக்குத் தொடங்கியது. ஆர்டர் இல்லாத வேலை, லேட் மார்க்கும் இல்லை, லீவும் இல்லை. இதை நான் ரிட்டையர் ஆன பிறகுதான் யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு?

இடம் போதாததால் பல பள்ளிகளில் காலை ஒரு பகுதி, மத்தியானம் ஒரு பகுதி. காலைப் பகுதி ஏழு மணிக்குத் தொடங்கும். பிள்ளைகள் தூக்கம் போதாமல் வருகிறார்கள் என்று 2024 பிப்ரவரியில் மாநில அரசு, நாலாம் வகுப்பு வரை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அப்பா எட்டே காலுக்கு வண்டி பிடிக்க வேண்டும், அம்மா எட்டரைக்கு. பிள்ளையை ஒன்பதுக்குக் கொண்டுவிட யார் இருக்கிறார்கள்? தாத்தா பாட்டி இல்லாத வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர்தான். உங்கள் குழந்தைக்குப் பள்ளி பார்க்கும்போது நேரத்தை எழுத்தில் கேட்டு, உங்கள் வண்டியோடு ஒத்துப்பாருங்கள்.

எல்லா ஆபீசும் ஒரே நேரத்தில் தொடங்குவதால்தானே இந்தக் கூட்டம்? மாற்றக் கூடாதா?

பேச்சு பல வருடமாக நடக்கிறது. மத்திய ரயில்வே பல நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. 2023 நவம்பரில் தன் மும்பைக் கோட்ட ஆபீசிலேயே 9.30 முதல் 5.45, 11.30 முதல் 7.45 என்று இரண்டு நேரம் வைத்தது. மற்றவர்கள் பெரிதாகப் பின்தொடரவில்லை. ஒரு ஆபீஸ் மட்டும் பதினொன்றரைக்குத் தொடங்கினால், அது பேச வேண்டிய வங்கி, வரி ஆபீஸ், வாடிக்கையாளர் எல்லாம் பழைய நேரத்திலேயே இருப்பார்கள். எல்லாரும் சேர்ந்து மாறினால்தான் உண்டு, எல்லாரும் சேர்ந்து மாறினால் கூட்டமும் சேர்ந்தே மாறிவிடும் என்று ரயில் நண்பர் ஒருவர் சிரிப்பார். எனக்கு அவ்வளவு அவநம்பிக்கை இல்லை. உங்கள் அளவில் ஆறு மாதம் வேலை பார்த்து நல்ல பெயர் எடுத்த பிறகு, 'ஒரு மணி நேரம் முன்னால் வந்து முன்னால் போகட்டுமா' என்று கேட்டுப்பாருங்கள். 'பின்னால் வருகிறேன்' என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள், 'முன்னால் வருகிறேன்' என்றால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள்.

மழை நாளில்?

கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் வடிய வழியில்லை. குர்லா, ஸயான் பக்கம் தண்டவாளம் மூழ்கும், வண்டி நிற்கும். ஜூன் மாதமே கடல் ஏற்ற அட்டவணை பேப்பரில் வரும், அதைக் கத்தரித்து வையுங்கள். 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது ஆயிரக்கணக்கானோர் ஆபீசிலேயே படுத்தார்கள். அதிலிருந்து என் பையில் ஒரு மாற்றுத் துணியும் பிஸ்கட் பாக்கெட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நிரந்தரம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தால் கூட்டமில்லாமல் போகலாம் அல்லவா?

கூட்டம் குறைவு, வண்டியும் குறைவு. ஞாயிறு பகலில் மெகா பிளாக் என்று தண்டவாள வேலை நடக்கும். பதினொரு மணி வாக்கிலிருந்து சாயங்காலம் வரை ஃபாஸ்ட் வண்டி ஸ்லோவில் ஓடும், ஹார்பர் பாதையில் சில பகுதிகளில் வண்டியே இருக்காது. சனிக்கிழமை ராத்திரி செய்தி பார்த்துவிட்டுப் படுங்கள்.

கடைசியாக, வீடு எங்கே எடுக்கட்டும்?

முதலில் வேலை எந்த ஸ்டேஷன், எந்த ஷிஃப்ட் என்று தெரியட்டும், அப்புறம் வீடு. ஐரோலி, கன்சோலி என்றால் தாணே–வாஷி பாதையில் எங்கேயும் பார்க்கலாம், வி.டி. கூட்டம் உங்களுக்குச் சம்பந்தமில்லை. அந்தேரி ஸீப்ஸ் (ஏற்றுமதித் தொழில் வளாகம்) பக்கம் என்றால் காட்கோபரிலிருந்து மெட்ரோ உண்டு. செம்பூர் ஆலைகளில் ஷிஃப்ட் என்றால் செம்பூரிலேயே இருப்பது உத்தமம், நம்மவர்களும் நிறைய. பி.கே.சி.யில் வேலை கிடைத்த பையன் ஒருவன், வாடகை மலிவு என்று கல்யாணைத் தாண்டி வீடு பார்த்தான். போக வர நாலு மணி நேரம். ஆறாவது மாதம் தாராவியில் பத்துக்குப் பத்து அறைக்கு மாறினான். மித்தி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அவனுடைய கண்ணாடிக் கட்டடம். காலையில் சைக்கிள் ஹாரன் கேட்டு எழுந்து, நாலு இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு நடந்தே போகிறான்.